பாய்லர்காரர் வகுத்த சைக்கிள் பாடம்

ஊரில் கொடி கட்டிப் பறந்தவர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் ஆயுசு முழுக்க நீராவி போட்டுக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள்? பாய்லர் அண்ணனைப் பற்றி எழுத என்னைப் போல வாய் நீண்ட ஒருத்திதான் கிடைப்பாள். நன்றாக முடிந்த கதை கேட்க வந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை.

எங்கள் சலவைக் கூடத்துக்குப் பல ஆஸ்பத்திரிகளிலிருந்து துணி வரும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அங்கி, எல்லாம். ரத்தமும் மருந்தும் இன்னும் சொல்லக் கூசும் கறைகளும் அதில் இருக்கும். அதனால் அங்கே ஒரே சட்டம்: அழுக்கு ஒரு வாசலில் வரவேண்டும், சுத்தம் இன்னொரு வாசலில் போகவேண்டும். அழுக்கு வண்டியும் சுத்த வண்டியும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி, எதிரெதிரே முகம் பார்க்கவே கூடாது. கூடத்தைச் சுற்றியிருந்த சிமென்ட் முற்றத்தில் மஞ்சள் பெயின்டால் அம்புக்குறி போட்டிருப்பார்கள். தள்ளுவண்டியோடு போனாலும் சும்மா கைவீசிப் போனாலும் அம்பு காட்டும் திசையில்தான் போகவேண்டும். எதிர்ப்பக்கம் பத்தடியில் கழிப்பறை இருந்தாலும் முழு முற்றத்தையும் சுற்றித்தான் போவோம். புதிதாக வந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். ஒரு மாதத்தில் அவர்களும் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.

முற்றத்தின் மூலையில் பாய்லர் அறை. அண்ணன் அதற்குள் இருப்பது தெரியாமல் இருப்பார். அளந்து பேசுகிறவர். எல்லோருக்கும் முன்னால் சைக்கிளில் வந்து, பாய்லரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றுவார். குளிர்ந்து கிடக்கும் பாய்லரை அவசரமாகச் சூடாக்கினால் இரும்பு விரிசல் விடும் என்பது அவருக்கு வேதவாக்கு. கூடத்தில் மேலாளர் கத்துவார், நாங்கள் கத்துவோம், ஆவி வரவில்லை என்று இஸ்திரி எந்திரக்காரி சாபம் விடுவாள். அவர் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தபடி நிற்பார். முள் வரவேண்டிய இடத்துக்கு வந்தபிறகுதான் வால்வைத் திறப்பார்.

அவர் மனைவி எங்களுக்கு அண்ணி. அண்ணிக்கும் எனக்கும் துணி மடிக்கும் வேலை. ஈரம் போய்ச் சூடாக வரும் படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறுமுனையை நான். உதறி, இழுத்து, அவளை நோக்கி நான் நடந்து, அவள் கையில் என் முனையைக் கொடுத்து, குனிந்து மடிப்பை எடுப்பேன். ஒரு நாளில் எத்தனை தடவை அவள் முகத்துக்கு அருகே போய்த் திரும்பியிருப்பேன் என்று கணக்கில்லை. என் புருஷன் முகத்தைக்கூட நான் அத்தனை கிட்டத்தில் அத்தனை தடவை பார்த்ததில்லை. எப்போதும் பயந்த முகம். நாய்க்குப் பயம், நகரும் படிக்கட்டுக்குப் பயம், தெரு கடக்கப் பயம். பிள்ளை இல்லாத வீடு. ஒருவருக்கு ஒருவர்தான் பிள்ளை.

ஒரு நாள் மேலாளர் எங்களைக் கூப்பிட்டு நிற்க வைத்துச் செய்தி சொன்னார். கூடம் இடம் மாறுகிறது. மேம்பாலத்துக்கு அப்பால், நெடுஞ்சாலை ஓரம் புதுக் கட்டடம். எல்லாம் மின்சாரத்தில் ஓடும் புது எந்திரங்கள். முதல் நாள், முதல் மணி அடிக்கும்போது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் புது அடையாள அட்டை. அட்டை இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. அந்தப் பக்கம் போகும் முதல் பேருந்தே முதல் மணிக்குப் பிறகுதான் கிளம்புகிறது என்று எங்களில் யாரோ சொன்னார்கள். அது உங்கள் பாடு என்றார் மேலாளர். வாடகை வண்டி வைத்துக்கொண்டால் கூலி வண்டிக்கே சரியாகப் போய்விடும். வேண்டாத பெண்டாட்டி கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்பார்களே, எங்களைக் கழிக்க அவர்கள் காரணம் தேடுகிறார்கள் என்று எனக்கு அப்போதே பட்டது.

பாய்லரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. அன்று தேநீர் நேரத்தில் நான் அவர் அறை வாசலில் போய் நின்றேன். இரும்புக் கதவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“புது எடத்துல பாய்லர் கிடையாதும்மா. இந்த வயசுல, இந்த முழங்கால வெச்சுக்கிட்டு எனக்கு வேற யாரு வேல குடுப்பா? என் கத முடிஞ்சுது. அவ கைக்கு அந்த அட்ட வந்துடுச்சுன்னா ரெண்டு பேரும் சாப்பிடுவோம். வரலன்னா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல.”

அண்ணியைப் பின்னால் உட்காரவைத்து அவரே கொண்டுபோய் விடலாமே என்று கேட்டேன். முந்தின நாள் சாயங்காலமே முயன்று பார்த்திருக்கிறார். மேம்பாலத்தில் பாதி ஏறுவதற்குள் முழங்கால் மடங்கிவிட்டதாம். இருவரும் இறங்கித் தள்ளிக்கொண்டு வீடு வந்திருக்கிறார்கள். ஆகவே அண்ணி தானே சைக்கிள் ஓட்டிப் போகவேண்டும். வேறு வழியில்லை.

மறுநாள் பாய்லர் அறைக் கதவில் சாக்குக்கட்டியால் ஒரு பயிற்சித் திட்டம் எழுதியிருந்தது. மனுஷன் அதையும் பாய்லர் ஏற்றுகிற மாதிரியே போட்டிருந்தார். முதல் வாரம் பெடலே கிடையாது. இருக்கையைத் தாழ்த்தி, தரையைக் காலால் உந்தி உந்திப் போகவேண்டும். அடுத்த வாரம், உந்திவிட்டுக் காலைத் தூக்கி எவ்வளவு தூரம் உருள முடிகிறதோ அவ்வளவு. அதற்கடுத்து பெடல். பிறகு பிரேக்கும் முழுச் சுற்றும். கடைசி வாரத்துக்கு நேரே ‘சாலை’ என்று மட்டும் எழுதி, அடியில் கோடு போட்டிருந்தார்.

சைக்கிள் தெரியாத பெண்கள் நாங்கள் நாலைந்து பேர், ஆளுக்கொரு பழைய சைக்கிளோடு, சேர்ந்துகொண்டோம். கறை அக்கா முதல் ஆள். கறை எடுக்கும் தொட்டியில் வேலை செய்வதால் அந்தப் பெயர். தன் உடம்பைத் தாங்க லாரிதான் வேண்டும், சைக்கிள் போதாது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வேலை முடிந்து வண்டிகளெல்லாம் போனபிறகு முற்றத்தில் பயிற்சி செய்ய மேலாளரிடம் அண்ணன் அனுமதி கேட்டார். கொடுத்தார், ஆனால் அம்புக்குறிப்படிதான் சுற்றவேண்டும் என்றார். சொல்லாவிட்டாலும் அப்படித்தான் சுற்றியிருப்போம்.

முதல் வாரம் காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்து சிரித்தான். பெடல் இல்லாத சைக்கிள்களில் உட்கார்ந்து, கால்களை அகட்டி, நாங்கள் வாத்துக் கூட்டம் மாதிரி முற்றத்தைச் சுற்றினோம். எனக்குப் பொறுக்கவில்லை. குழந்தைகள்கூட ஒரு நாளில் கற்றுக்கொள்கிறார்கள், நேரே பெடலைப் போட்டுத் தள்ளிவிடுங்கள் என்று சண்டைக்குப் போனேன். அண்ணன் கதவைக் காட்டினார். அந்த வாரத்தின் மேல் இன்னும் குறுக்குக்கோடு விழவில்லை. முள் ஏறாமல் வால்வைத் திறக்கமாட்டார். ஆனால் சொல்லவேண்டும், அவர் கணக்கு தப்பவில்லை. பெடல் மாட்டிய அன்றே நான் விழாமல் ஓட்டினேன். இரண்டாம் நாள் கறை அக்கா ஓட்டினாள்.

அண்ணிக்குத்தான் ஏறவில்லை. உருள்வாள், கொஞ்சம் வேகம் வந்ததும் காலை ஊன்றிவிடுவாள். எதிரே பூனை வந்தால் ஊன்றுவாள். யாராவது தும்மினால் ஊன்றுவாள். பாதத்தின் ஓரமெல்லாம் சிராய்ப்பு. மறுநாள் துணி மடிக்கும்போது நொண்டிக்கொண்டு என்னை நோக்கி வருவாள். விட்டுவிடு அண்ணி என்று சொல்ல வாய் வரும், ஆனால் விட்டால் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும். விரிப்பை அவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்துகொள்வேன்.

அண்ணன் அவளைத் திட்டவில்லை. பக்கத்தில் நொண்டி நொண்டி ஓடினார். இரண்டு பேரும் நொண்டிக்கொண்டுதான் சுற்றினார்கள். ஒரு நாள் அவளை நிறுத்தி, அவளுக்கென்று ஒரே ஒரு விதி சொன்னார்.

“மத்ததெல்லாம் மறந்துடு. எது வந்தாலும் கால ஊனாத. மிதிச்சுக்கிட்டே இருந்தா சைக்கிள் விழாது. நீ ஊனும்போதுதான் விழற.”

அண்ணி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். மடிக்கும்போது வாய்க்குள் முணுமுணுப்பாள். சாப்பிடும்போது பார்த்தால் மேசைக்கடியில் இரண்டு பாதமும் தரையில் படாமல் தூக்கியிருக்கும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது பொய்யில்லை. ஒரு சாயங்காலம் அண்ணி முற்றத்தை முழுதாகச் சுற்றிவந்தாள். நின்றுவிடுவாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நிற்காமல் இன்னொரு சுற்று போனாள், அப்புறம் இன்னொன்று. காவலாளி எழுந்து நின்றுவிட்டான். அண்ணன் கதவுக்குப் போய் அந்த வாரத்தின் மேல் கோடு போட்டார். கோடு வளைந்துவிட்டது. அந்த முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்தது அன்றுதான்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது எங்களுக்குப் புதிதில்லை. இடம் மாறும் தேதியை ஒரு வாரம் முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எந்திரம் சீக்கிரம் வந்துவிட்டதாம். வருகிற திங்கட்கிழமையே முதல் மணி. கதவில் ‘சாலை’ என்ற சொல் கோடு விழாமல் அப்படியே நின்றது.

இருந்த ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அண்ணன் எங்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய் வழியைக் காட்டினார். எங்கே பள்ளம், மேம்பாலத்தில் எங்கிருந்து மூச்சை மிச்சம் பிடிக்கவேண்டும், இறக்கத்தில் பிரேக்கை எப்படி விட்டு விட்டுப் பிடிக்கவேண்டும், எல்லாம் ஜன்னல் வழியாகச் சொன்னார். மேம்பாலம் இறங்கினால் ஒரு பெரிய சந்திப்பு. இங்கே வலது பக்கம் திரும்பினால் கூடம் என்று கை காட்டினார். நாங்கள் தலையாட்டினோம். அத்தனை தலையில் ஒன்றுக்காவது உறைக்கவேண்டுமே, உறைக்கவில்லை. முற்றத்தின் அம்புக்குறிகள் எல்லாமே இடப்பக்கம் திரும்புபவை. பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் ஒருத்திகூட ஒரு தடவைகூட வலது பக்கம் கைப்பிடியைத் திருப்பியதில்லை. வெளியாள் யாராவது பார்த்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பான், ஏன் ஒரே பக்கம் சுற்றுகிறீர்கள் என்று. அங்கே வெளியாள் யார் இருந்தார்கள்? காவலாளிகூட அம்புக்குறிப்படி நடக்கிறவன். அண்ணனோ ஆயுசு முழுக்கச் சைக்கிள் மிதித்தவர். அவருக்கு வலது, இடது என்று இரண்டைத் தனித்தனியாகக் கற்றுக்கொள்ளவேண்டும் என்பதே மறந்து போயிருந்தது.

திங்கட்கிழமை விடிவதற்குள் பழைய கூடத்து வாசலில் கூடினோம். பாய்லரை ஆறவைத்து, வடித்து, கழுவி மூடும் வரை அவருக்கு அங்கே வேலை இருந்தது. கூட வர முடியாது. ஒவ்வொரு சைக்கிளின் சங்கிலியையும் தொட்டுப் பார்த்தார், காற்றை அமுக்கிப் பார்த்தார். அண்ணியின் இருக்கையைத் துணியால் துடைத்தார்.

“பயம் வந்தா பெடலப் பாக்காத, ரோட்டப் பாரு,” என்றார். “கால மட்டும் ஊனாத.”

“ஊன மாட்டேங்க,” என்றாள் அண்ணி.

மேம்பாலத்தில் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. கறை அக்கா பாதியில் இறங்கித் தள்ளினாள். எங்களுக்குப் பின்னால், ஒரே நிதானத்தில், உதட்டைக் கடித்துக்கொண்டு, அண்ணி ஏறி வந்தாள். அவர் போட்ட திட்டம் அவள் கால்களுக்குள் இறங்கியிருந்தது. உச்சியில் எங்களைத் தாண்டும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சாலையைத்தான் பார்த்தாள்.

அப்புறம், இறக்கத்தில் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து இறங்கிய அண்ணியை நான் எட்டிப் பிடித்தபோது, அந்தச் சந்திப்பு வந்தது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வலது பக்கம் திரும்பவேண்டும் என்று மூளைக்குத் தெரிகிறது, உடம்புக்குத் தெரியவில்லை. கைப்பிடியைத் திருப்பினால் உடம்பு இடது பக்கம் சாய்கிறது. என் சைக்கிள் கோணிக்கொண்டு நின்றது, நான் காலை ஊன்றி இறங்கிவிட்டேன். பின்னாலிருந்து இறக்கத்தில் வந்த கறை அக்கா நடுச்சாலையில் விழுந்து, முழங்கை தேய எழுந்து, தள்ளிக்கொண்டு ஓடினாள். மற்றவர்களும் இறங்கி ஓடினார்கள். அண்ணி மட்டும் இறங்கவில்லை. கைப்பிடியை வலது பக்கம் ஒரு தடவை அசைத்துப் பார்த்தாள். சைக்கிள் தள்ளாடியது. பின்னால் லாரி ஹாரன் அடித்தது.

“கால ஊனுங்க அண்ணி, இறங்கிடுங்க,” என்று நான் கத்தினேன்.

கேட்டது அவளுக்கு. இல்லை என்று தலையை ஆட்டினாள். தனக்குத் தெரிந்த பக்கம் திரும்பினாள். இடது பக்கம் சைக்கிள் அழகாக வளைந்தது. கூடத்துக்கு நேர் எதிர்த்திசையில், முதுகு நிமிர்ந்து, மிதித்துக்கொண்டே போனாள். நான் பார்த்ததிலேயே நன்றாக அவள் சைக்கிள் ஓட்டியது அப்போதுதான்.

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி உள்ளே போனேன். மணி அடித்தது. வாசலை மூடினார்கள். எங்கள் கழுத்தில் அட்டையை மாட்டினார்கள். அண்ணி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி, எங்கெங்கோ குடியிருப்புகளையெல்லாம் சுற்றி, எதிர்ப்பக்கத்திலிருந்து வாசலுக்கு வந்து சேர்ந்தாள். காவலாளி கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கையை விரித்தான்.

நான் மேலாளரிடம் ஓடினேன். கெஞ்சினேன், அப்புறம் சண்டை போட்டேன். அவர் கோபப்படவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் புது எந்திரத்தைக் காட்டினார். ஈர விரிப்பு ஒரு பக்கம் போகிறது, காய்ந்து, தேய்த்து, மடித்து மறுபக்கம் வருகிறது. அடுக்கி வைக்க ஒரு ஆள் போதும்.

“ரெண்டு பேர்ல யார அனுப்பறதுன்னு நானே யோசிச்சுட்டு இருந்தேன்,” என்றார். “தானா முடிஞ்சுது.”

இவ்வளவு வாய் நீண்ட நான் போய் அந்த எந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டேன். என் கழுத்தில் அட்டை இருந்தது. என் வீட்டிலும் உலை வைக்கவேண்டும்.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரு அறை, அதன் மூலையில் அடுப்பு. அண்ணி தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், சட்டையில் பாய்லர் கரி. வேலை போனது அண்ணிக்குத் தெரியாமல் இல்லை, அவள் ஒன்றும் பேதை இல்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுவர அவளிடம் வேறு ஒன்று இருந்தது. அதை அவரிடம் கொடுக்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

“என்னங்க, ஒரு தடவகூட நான் கால ஊனல,” என்றாள். “லாரி ஹாரன் அடிச்சான், நாய் தொரத்துச்சு, அப்பவும் ஊனல. நீங்க சொன்ன மாதிரியே மிதிச்சுக்கிட்டே இருந்தேன்.”

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். சந்திப்பில் எந்தப் பக்கம் திரும்பினாய் என்று மெதுவாகக் கேட்டார். நமக்குத் தெரிந்த பக்கம்தான் என்று அவள் இடது கையைக் காட்டினாள். அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முற்றமும் அம்புகளும் அவர் கண்முன் வந்துபோனது எனக்குத் தெரிந்தது. அப்புறம் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணி டம்ளரோடு நின்றாள். நன்றாக ஓட்டியதைச் சொன்னதற்கு ஏன் அழுகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. நான்தான் அவளிடம் பிறகு விளக்கிச் சொன்னேன்.

பாய்லரை அடுத்த மாதம் வெட்டி இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அந்தக் கதவும் அதோடு போயிற்று. அண்ணன் ஏறாத படியில்லை. காவல் வேலைக்குக்கூட முழங்காலைப் பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள், யாரும் சொல்லி அனுப்பவில்லை. அண்ணி பக்கத்துத் தெருவில் வீட்டு வேலைக்குப் போகிறாள். நடந்தே போகும் தூரம். இங்கே நான் எந்திரத்தின் முன்னால் நிற்கிறேன். மடித்து வரும் விரிப்பை அடுக்குகிறேன். எதிரே யாரும் இல்லை. நடந்து போய்த் திரும்ப ஒரு முகமும் இல்லை.

போன விடுமுறைக்கு அவர்களைப் பார்க்கப் போனபோது, அண்ணன் அந்தச் சைக்கிளைச் சந்துக்குள் இறக்கி, துடைத்து, இருக்கையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் திரும்புவதை மட்டும் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன், அது பாக்கி நிற்கிறது என்று என்னிடம் சொன்னார். முதலில் பெடல் இல்லாமல், வலது பக்கமாக உருண்டு பழகவேண்டும். பிறகு பெடலோடு அரைச் சுற்று. எத்தனை வாரம் எதற்கு என்று வாயாலேயே திட்டம் போட்டுக்கொண்டு போனார். குரலில் பழைய நிதானம் வந்திருந்தது. அண்ணியைக் கூப்பிட்டார்.

அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சைக்கிளைப் பார்த்தாள். அவளுக்குக் கோபமில்லை, பயமும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“வலது பக்கம் திரும்பி நான் எங்கங்க போகப் போறேன்?”

அண்ணன் கைப்பிடியை நேராக்கி, சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துப் பூட்டினார்.